உறங்கும் ஊரில் பெயர்

சேரப்பணஞ்சேரி, ஒரகடம், மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று நீளும் தொழிற்பட்டையின் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கு,



உங்களில் பலர் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பிறந்தவர்கள் அல்ல. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தருமபுரி, அரியலூர், ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ, ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ பிளஸ் டூவோ முடித்த கையோடு வந்து சேர்ந்தவர்கள். பொங்கலையும் ஊர்த் திருவிழாவையும் தவிர்த்தால் வருடம் முழுக்க இங்கேதான் சாப்பாடு, இங்கேதான் தூக்கம். இந்த ஊர்த் தண்ணீரில் குளிக்கிறீர்கள். இந்த ஊர்ச் சாலைப் பள்ளங்களில்தான் கம்பெனி பஸ் ஏறி இறங்குகிறது. மழை வந்தால் இந்த ஊர்ச் சாக்கடைதான் உங்கள் அறை வாசலைத் தேடி வருகிறது. வாக்காளர் பட்டியலில் மட்டும் நீங்கள் இன்னும் பெற்றோர் வீட்டில் குடியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாக்களிப்பது கடமை, விரலில் மை பெருமை என்று விழிப்புணர்வுப் பலகைகள் சொல்வதைத் திருப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்த நாடு பிறந்த வேளையில், ஊர் விட்டு ஊர் வந்தவர்களைப் பற்றி ஒரு முடிவெடுத்தது. அந்த முடிவின் பயன் உங்களுக்கு உரியது. அதை நீங்கள் வாங்கிக்கொள்ளாமல் இருக்கிறீர்கள். என் வாதம் இவ்வளவுதான். அதற்கான ஆதாரங்களைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்டின் வரலாறு என்று பள்ளியில் நமக்குக் கொடுத்தவை பெரும்பாலும் தேதிகள். 1947 ஆகஸ்ட் 15, 1950 ஜனவரி 26, 1975 ஜூன் 25. இந்தப் பகுதிக்கும் ஒரு தேதி உண்டு: 1991 மே 21, ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட இரவு. ஒரு தேதிக்குள் அடைபடாத நிகழ்ச்சிகளைப் பாடநூல்கள் ஒரே வரியில் தாண்டிவிடும். முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலை எழுதிய வேலை அப்படிப்பட்டது. என் கணிப்பில், இந்தக் குடியரசின் இளம்பருவத்தில் நடந்த ஆகப் பெரிய காரியம் அதுதான். 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ மூன்று கோடிப் பேருக்கு வாக்குரிமை தந்திருந்தது. வயது வந்தவர்களில் ஆறில் ஒருவர். நிலம் உள்ளவர், வரி கட்டியவர், படித்தவர் என்று சல்லடை போட்டுச் சலித்த பிறகு மிஞ்சியவர்கள் அவர்கள். அரசமைப்பு நிர்ணய சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் குறுகிய வாக்கில் வென்று வந்த மாகாணச் சட்டமன்றங்கள்தான். அவர்கள் நினைத்திருந்தால் அதே சல்லடையை இன்னும் ஒரு தலைமுறைக்கு வைத்திருக்கலாம். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்ல ஆளும் இருந்தார்கள். அப்படிச் செய்யாமல், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவில் எழுதினார்கள். சாதாரண மனிதன்மீது நம்பிக்கை வைத்து இதைச் செய்கிறோம் என்று சபையின் கடைசி நாள்களில் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பேசினார். முதல் தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 17 கோடிக்கும் மேல்.

ஆனால் ஒரு பிரிவை எழுதிவிடுவது எளிது. 17 கோடிப் பெயர்களை எழுதுவது வேறு வேலை. அரசமைப்புச் சட்டம் முடிவாவதற்கு முன்பே, 1948இல், வரைவுப் பட்டியல் வேலை மாகாணங்களில் தொடங்கிவிட்டது. ஒருவரை ஓர் ஊரின் பட்டியலில் சேர்க்க, 1948 மார்ச் 31இல் முடிந்த ஆண்டில் 180 நாளாவது அந்த ஊரில் அவர் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. கேட்கும்போது நியாயமான விதிதான். ஆனால் அது பிரிவினையின் ஆண்டு. லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி வந்து முகாம்களிலும் உறவினர் திண்ணைகளிலும் கிடந்தார்கள். அவர்களில் பலரால் 180 நாள் கணக்குக் காட்ட முடியாது. அசாமில் அதிகாரிகள் சிலர் இத்தகையவர்களை நிலையில்லாமல் மிதக்கும் கூட்டம் என்று ஒதுக்கவும் பார்த்தார்கள். அகதிகள் சங்கங்கள் தில்லிக்கு மனு மேல் மனு போட்டன. நிர்ணய சபையின் செயலகம் எடுத்த முடிவு இது: இந்த ஊரிலேயே நிலையாகத் தங்க எண்ணியிருக்கிறேன் என்று அகதி ஒருவர் உறுதிமொழி கொடுத்தால் போதும், எத்தனை நாள் வசித்தார் என்று பார்க்காமல் அவர் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரம் கேட்கவில்லை, வாடகை ரசீது கேட்கவில்லை. அவர்கள் வாய்ச்சொல்லையே முகவரிச் சான்றாக எடுத்துக்கொண்டது பிறந்து ஒரு வயதுகூட நிரம்பாத ஓர் அரசு. நாள் கணக்கு, ஆவணம், கையொப்பம் என்று அலைக்கழிக்கும் இன்றைய அலுவலக நடைமுறைக்குப் பழகிப்போன நமக்கு இதை நம்புவதே சிரமமாக இருக்கிறது.

அதே பட்டியலில் ஒரு தோல்வியும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். வட மாநிலங்களில் கணக்கெடுக்கப் போனவர்களிடம் பெண்கள் பலர் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் கொடுக்கக் கால நீட்டிப்புக் கொடுத்தும் கொடுக்காத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கொடுமை என்று அன்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் தங்கள் பெயரோடு பட்டியலுக்கு வந்தார்கள். வாக்காளர் என்றால் இன்னாருடைய வீட்டைச் சேர்ந்தவர் என்றில்லை, தனி ஆள் என்ற கொள்கையை அந்தக் கண்டிப்பு நிலைநிறுத்தியது என்றே நினைக்கிறேன். இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் பெரும்பகுதி பெண்கள். உங்களுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. சொந்த முகவரி இல்லை. அப்பா வீட்டு முகவரியில் வாக்கு இருக்கும், கல்யாணம் ஆனதும் கணவர் வீட்டு முகவரிக்கு அது போகும். நடுவில் நீங்களே சம்பாதித்து, நீங்களே வாடகை கொடுத்து வாழும் இந்த வருடங்கள் மட்டும் எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை.

இதே 1948இல் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னோர் இளம் நாடு எதிர்த்திசையில் நடந்தது. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தில்லியில் எடுத்த முடிவின் கனம் புரியும். பிப்ரவரி 4 அன்று சுதந்திரம் பெற்ற இலங்கை, அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. இலங்கை மண்ணிலேயே தலைமுறைகளாகப் பிறந்து வந்ததை ஆவணத்தோடு நிரூபிக்கச் சொன்னது. தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் பிறந்த தமிழர்களிடம் ஏது பிறப்புச் சான்று? மறு ஆண்டே தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்று ஆக்கினார்கள். 1947 தேர்தலில் மலையகத்தில் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பியவர்கள், 1952 தேர்தலில் பட்டியலிலேயே இல்லை. அந்த ஆண்டு அவர்கள் நடத்திய சத்தியாகிரகமும் எதையும் மாற்றவில்லை. அவர்கள் நிலையாக ஊன்றாதவர்கள், அவர்களுக்கு வேறோர் ஊர் இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். அதற்கடுத்து நடந்ததுதான் முக்கியம். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மீதியையும் 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை; கேட்க வேண்டிய அவசியமும் அந்த இரண்டு அரசுகளுக்கு இல்லை, வாக்கில்லாதவர்களால் யாருடைய நாற்காலியும் ஆடாது என்பதால். அங்கே எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை முடிய 2003 வரை ஆனது.

ஒப்பீடு மிகையாக இருக்கிறது என்று உங்களில் யாராவது சொல்லலாம். சரிதான். மலையகத் தமிழரிடமிருந்து வாக்கைப் பறித்தார்கள்; உங்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை, நீங்களே ஊரில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் குடியுரிமையை எவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனாலும், உழைக்கும் இடத்தில் வாக்கு இல்லாத ஒரு பெருந்தொகையைப் பற்றி அந்த இடத்தின் அரசியல் எப்படி யோசிக்கும் என்பதற்கு அந்த வரலாறு ஒரு பாடம். அவர்களை எண்ணிக்கையாகப் பார்க்கும், ஆளாகப் பார்க்காது. முதலீட்டு மாநாட்டு மேடைகளில் எத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு என்று அறிவிக்கப்படும் எண் நீங்கள்தான். அந்த எண்ணுக்கு எத்தனை கழிப்பறை, எத்தனை பேருந்து, இரவு ஷிஃப்ட் விடுபவர்களுக்கு எந்தத் தெருவில் விளக்கு என்ற கேள்வி உள்ளூர் அரசியலில் எழுவதற்கு, அந்த எண் வாக்காளர் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அந்தத் தொகுதியில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. அதன் 20ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அங்கே வசிப்பவராகக் கருத முடியாது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: வாலாஜாபாத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. நம் மக்களாட்சிக்கு ஆயிரம் ஆண்டு வேர் இருக்கிறது என்று மேடைக்கு மேடை அதைச் சொல்கிறோம். அந்தக் கல்வெட்டிலேயே, குடத்தில் பெயர் போடத் தகுதி என்ன என்றும் இருக்கிறது: வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரை வயது, வேத அறிவு. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய அந்தக் கண்டிப்பு இன்றைக்கும் வேண்டியதே. ஆனால் அந்தச் சபையில் உங்களில் ஒருவருக்கும் இடமில்லை. நிலமும் மனையும் இருந்தால்தான் ஊரில் பேச்சு என்ற ஆயிரம் வருட வழக்கத்தை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தலைகீழாக்கியது. வீடு வைத்திருப்பவர் வசிக்காவிட்டால் வாக்கு இல்லை. வீடே இல்லாதவர் வசித்தால் வாக்கு உண்டு. என்னைக் கேட்டால், பெருமைப்பட வேண்டியது இந்தத் திருப்பத்தைப் பற்றித்தான்.

இனி, இங்கே வாக்கு இருந்தால் நடைமுறையில் என்ன கிடைக்கும்? எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலைவிட ஊராட்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடம் கொடுத்தது. அதன்படி கிராம சபை என்பது ஊரில் இருக்கிற எல்லோரும் அல்ல. அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மே தினத்தன்று தொழிலாளர்கள் நிறைந்த ஓர் ஊரில் கிராம சபை கூடுகிறது, அங்கே பேசுவதற்குத் தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்கு உரிமை இல்லை என்பது எவ்வளவு விசித்திரம். நீங்கள் தங்கும் கட்டடத்துக்கு வீட்டு வரி வாங்குவது ஊராட்சி; உங்கள் வாடகையில் அந்த வரி ஒளிந்திருக்கிறது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் அதன் பொறுப்பு. வல்லம்-வடகால் சிப்காட் பூங்காவில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி வளாகத்தில் 18,720 பெண்கள் தங்கலாம். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நல்ல முயற்சி, சந்தேகமில்லை. பெரும்பாலான கிராம ஊராட்சிகளின் மொத்த மக்கள்தொகையைவிட அந்த ஒரு வளாகத்தின் கொள்ளளவு பெரிது. அவ்வளவு பேர் வாழும் இடம் உள்ளூர் அரசியலின் கண்ணில் ஆளில்லாக் கட்டடமாகவே தெரிந்தால், குறை அந்தக் கட்டடத்தில் இல்லை.

2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். பூந்தமல்லிப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்களின் நிலை தெரியாமல் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆலை மூடி ஆய்வு நடந்தது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தரம் குறைந்தவை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மறியல் செய்யாமலிருந்தால் இது வெளியே வந்திருக்குமா என்று தெரியாது. அதனால் அந்தப் பெண்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கழிப்பறைக் கதவு சரியில்லை, தண்ணீர் வரவில்லை, சாப்பாடு கெட்டுப்போகிறது என்ற சிறு புகார்கள் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் வார்டு உறுப்பினர் வீடு. உங்கள் தெருவில் ஐந்நூறு வாக்கு இருக்கிறது என்று தெரிந்த வார்டு உறுப்பினர், நீங்கள் அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் விடுதி வாசலுக்கு வந்து நிற்பார். அவருடைய நல்ல குணத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. அவருடைய கணக்கை நம்பிச் சொல்கிறேன்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்பது எப்போதும் வரும் கேள்வி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் ஆகாதுதான். புதிதாக ஒரு கூட்டமே பட்டியலுக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே சான்று. 1952இல் சென்னை மாநிலத்தின் முதல் பொதுத்தேர்தலில், சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரஸ் 375 இடங்களில் 152தான் பிடித்தது. நேற்றுவரை வாக்கே இல்லாத சிறு உழவர்கள், கூலிகள், நெசவாளர்கள் அந்த ஆண்டு வரிசையில் நின்றதன் விளைவு அது. தென்னார்க்காடு, சேலம் பக்கம் உழைப்பாளர் கட்சி 19 இடம் வென்றது. வடார்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் காமன்வீல் கட்சி 6 இடம் வென்றது. மொத்தத்தில் சின்ன எண்கள். ஆனால் பெரும்பான்மை இல்லாத ராஜாஜி ஆட்சி அமைக்க, காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்க வேண்டியிருந்தது. 1954இல் காமராசர் வந்தபோது உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியாரும் அமைச்சரானார். நடுவில் ராஜாஜியின் அரைநாள் கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி, அவரே விலக நேர்ந்தது. சொத்து இருந்தவனுக்கு மட்டும் வாக்கு இருந்த காலமாக இருந்தால், பிள்ளை அரை நாள் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்ற திட்டம் இவ்வளவு சீக்கிரம் மண்ணைக் கவ்வியிருக்குமா என்பது சந்தேகமே. அதுபோல, வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது 1989இல். அதற்கு முன்பென்றால் பிளஸ் டூ முடித்து வந்த உங்களில் பலருக்கு எந்த ஊரிலும் வாக்கு இருந்திருக்காது.

உங்கள் தரப்பில் ஆகக் கனமான மறுப்பு ஊர்ப்பாசம். ஊரில் நிலம் இருக்கிறது, அம்மா அப்பா இருக்கிறார்கள், பங்காளி தலைவர் தேர்தலில் நிற்கிறார், வாக்கை மாற்றினால் ஊரையே விட்டுப்போன மாதிரி ஆகிவிடும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தற்காலிகமாக வெளியூர் போனவர் தன் ஊர் வாக்கை இழக்க மாட்டார் என்று அதே 20ஆவது பிரிவே சொல்கிறது. ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் மாற்ற வேண்டாம். ஆனால் மூன்றாவது, நான்காவது வருடமாக இங்கே இருப்பவர் தற்காலிகம் என்று யாரிடம் சொல்கிறார்? அந்தப் பாசத்தை வாக்காக மாற்ற எவ்வளவு செலவு என்றும் பாருங்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது சட்டம். தராத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஒரு நாள் விடுமுறையில் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்துக்கு முண்டியடித்து ராமநாதபுரம் போய் மறுநாள் காலை ஷிஃப்டுக்குத் திரும்ப யாரால் முடியும்? முடியாதவர்கள் போவதில்லை. அப்போது அந்த வாக்கு ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. எதிர்ப்பு வந்தது, திட்டம் நின்றது. அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. ரேஷன் அட்டை, பட்டா, சாதிச் சான்று எதற்கும் வாக்காளர் பட்டியலோடு முடிச்சு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; அந்தப் பயத்தால் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊர்க்காரர்களின் மறுப்பு வேறு மாதிரி. வந்தவர்கள் எல்லோரும் வாக்கு வாங்கிவிட்டால் ஊராட்சி எங்கள் கையை விட்டுப் போய்விடும், நிலம் கொடுத்தவர்கள் நாங்கள் என்பார்கள். அவர்கள் கவலையில் உண்மை இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலத்தைக் கொடுத்துவிட்டு, கட்டிய ஆலையில் தங்கள் பிள்ளைக்கு நிரந்தர வேலைகூடக் கிடைக்காமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதற்குப் பரிகாரம் உங்களை வாக்கில்லாமல் வைத்திருப்பது ஆகாது. ஏரி மாசுபட்டால் கேட்க ஊர்க்காரர் மட்டும் போதவில்லை என்பதுதான் இதுவரை கண்டது. நீங்களும் சேர்ந்தால் குரல் பெருகும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதே சட்டமா என்று அடுத்த கேள்வி வரும். 2025இல் இதையொட்டிப் பெரிய சச்சரவே நடந்தது. என் பதில் பலருக்குப் பிடிக்காது. இங்கே உண்மையாக வசிப்பவர் என்றால் அவர்களுக்கும் இதே சட்டம்தான். லயத்தில் வாழ்ந்தவனுக்கு வாக்கு இல்லை என்று இலங்கை சொன்னபோது அது அநியாயம் என்று சொன்ன நாம், தகரக் கொட்டகையில் வாழ்பவனுக்கு வேறு நியாயம் பேச முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: உண்மையாக வசிக்கிறாரா என்பதைப் பூத் அலுவலர் ஒவ்வொருவராக நேரில் பார்த்து எழுத வேண்டும். எந்தக் கட்சியும், எந்த ஏஜென்டும் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டும் பட்டியல் தமிழ் பேசுபவர்களுடையதாக இருந்தாலும் ஏற்கக் கூடாது.

இதிலேயே இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. காண்ட்ராக்டரோ விடுதி நடத்துபவரோ உங்கள் வாக்கை மொத்தமாகப் பேரம் பேசலாம். பண்ணையார் காலத்தில் இது நடந்தது, இப்போதும் நடக்க இடமுண்டு. பதிவுக்கான படிவத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே போடுங்கள் என்பதைத் தவிர என்னிடம் பெரிய மருந்தில்லை. இரகசிய வாக்கு என்பது ஓரளவு காக்கும்.

முகவரிச் சான்று கிடைக்காது என்ற பேச்சுக்கு வருகிறேன். விடுதிக்காரர் வாடகை ஒப்பந்தம் தர மாட்டார், கரன்ட் பில் வேறு ஒருவர் பெயரில் இருக்கும், ஆதாரில் ஊர் முகவரி இருக்கும். எல்லாம் உண்மை. இருந்தாலும், வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவரைப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஆணையத்தின் நடைமுறை என்ன தெரியுமா? பூத் அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், அவர் உண்மையில் அங்கே உறங்குகிறாரா என்று பார்த்தால் போதும், ஆவணம் தேவையில்லை. அகதியின் உறுதிமொழியை ஏற்றுக்கொண்ட 1948ஆம் ஆண்டு மனப்பான்மை எங்கோ ஒரு மூலையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நடைபாதையில் உறங்குபவரை ஏற்கும் சட்டம், நூறு பேர் வருகைப்பதிவேட்டில் இருக்கும் விடுதியில் உறங்குபவரை மறுக்க நியாயமில்லை. வங்கிப் பாஸ்புத்தகத்தில் இங்கத்திய முகவரி இருந்தால் அதுவே சான்று. எதுவும் இல்லையென்றால் நேரில் வந்து விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாத நிலையும் வந்துவிட்டது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19இல் வெளியானபோது, ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, நீக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள். ஊரில் விட்டு வந்த பெயர் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது. உங்கள் பெயர் ஊரில் இப்போதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8. எங்குமே இல்லையென்றால், அல்லது இப்போதுதான் 18 ஆனது என்றால், படிவம் 6. இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது, பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை. படிவத்தை ஆன்லைனிலும் போடலாம், பூத் அலுவலரிடமும் கொடுக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அந்த ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. ஊராட்சித் தேர்தலுக்கென்று வீடு வீடாகத் தனிக் கணக்கு எடுப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலையே வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே சட்டமன்றப் பட்டியலில் இங்கே பெயர் வந்த பிறகுதான் வார்டு உறுப்பினரையும் ஊராட்சித் தலைவரையும் தேர்ந்தெடுக்கும் வாக்கும், கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு வரும். ஏ ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு மாலையில், அறையில் இருக்கும் நாலைந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை இது.

அன்புடன்.